தளராத பேன்ட்

கழுகண்ணன் மூச்சை இழுத்துப் பிடிக்காமலேயே பேன்ட் கொக்கியை மாட்டினார். மாட்டிக்கொண்டது. இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. கட்டைவிரலை இடுப்புக்கும் துணிக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். விரல் போனது, அதற்கு மேல் ஒரு நூலுக்குக்கூட இடமில்லை. போன மாதமும் இதே விரல், இதே இடுக்கு. அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான்.

"அஞ்சு மாசமா ஆடு மாதிரி தழையைத் தின்னதுக்கு இதுதான் மிச்சம்" என்று கண்ணாடியிடம் முணுமுணுத்தார்.

"கண்ணாடிகிட்ட என்ன ரகசியம்?" என்று முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. தையல் மெஷின் ஒரு நிமிடம் நின்று, மறுபடியும் ஓடியது. "முட்டை வெச்சிருக்கேன், வெள்ளரிக்காய் வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட டாக்டர் முன்னாடி போய் நிக்காதீங்க. ரத்தம்தான் முந்தாநாளே குடுத்தாச்சே."

"பசியில்லை."

"பசி எப்ப வரும்னு வயித்துக்கிட்ட நேரம் கேட்டு வெச்சிருக்கீங்களா? வந்து உட்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு வேறு யார் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்திருப்பார். இவளிடம் முடியாது. ஐந்து மாதமாக அவருக்கு இணையாகத் தழையைத் தின்றவள் அவள்.

கழுகண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துறைமுகத்தில் வைத்த பெயர். கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் ராட்சத கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன கேபினில், இருபது வருடமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். லிஃப்டில் ஏறிப் போய் இருக்கையில் அமர்ந்து, முன்னால் குனிந்து, கால்களுக்கு நடுவே தெரிகிற பாதாளத்தைப் பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். வீடு மாதிரி கனக்கிற இரும்புப் பெட்டியைத் தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற பதமாக லாரியின் முதுகில் இறக்கி வைப்பார். சத்தம்கூட வராது. அந்தக் கேபினுக்குள் அவர் ராஜா. கீழே இறங்கினால் மூட்டுவலியும் மூச்சிரைப்புமாக இன்னொரு ஆள்.

அந்த ராஜ்ஜியத்துக்குத்தான் ஐந்து மாதம் முன்பு ஆபத்து வந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்லதுக்கு இல்லை என்று கழுகண்ணனுக்குத் தெரியும்.

"மூணு மாசச் சராசரி சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு. எடை தொண்ணூத்தஞ்சு. இப்படியே விட்டா உங்களை அந்த உயரத்துல உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட முடியாது. மேல ஒரு நிமிஷம் உங்களுக்குக் கண்ணு இருட்டினா, கீழ யார் தலை மேல பெட்டி விழும்?"

டாக்டர் தயவு பண்ணி ஐந்து மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஏழரைக்குக் கீழே வந்தால் கேபின். வராவிட்டால் துறைமுக வாசலில் ஒரு கூண்டு. வருகிற லாரியின் நம்பரைப் பார்த்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கி விடுகிற வேலை.

செய்தி கிரேனை விட வேகமாகப் பரவியது. மனைவியின் தம்பிக்கும் அதே தளத்தில்தான் வேலை. கீழே நின்று வாக்கி டாக்கியில் அத்தானுக்கு வழி சொல்வது அவன் பொறுப்பு. அன்று மாலையே ஆரம்பித்து விட்டான்.

"அத்தான், கேட்ல போய் உட்கார்ந்தா கழுகு கோழியாயிடும். அப்புறம் தினம் ஒரு முட்டை போடச் சொல்லுவானுங்க."

"உன் அக்காவுக்காகப் பார்க்கிறேன் மச்சான். இல்லேன்னா இந்தக் கொக்கியில உன்னை மாட்டிக் கப்பல்ல ஏத்தி விட்டிருப்பேன்."

சிரித்தாலும் உள்ளுக்குள் கலக்கம்தான்.

டாக்டர் அவரை ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். ஆனால் கேள்வி கேட்பதில் போலீஸ். டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, ஒரு நாளைக்கு எத்தனை டீ, மேலே கேபினில் கொறிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று குடைந்து எடுத்தாள். பதில்களைக் கேட்கக் கேட்க அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"அண்ணா, பட்டினி கிடக்க வேண்டாம். தட்டுல பாதி காய்கறி. கால் பங்கு பருப்போ, முட்டையோ, மீனோ. மிச்சக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. காயை முதல்ல சாப்பிடுங்க, சோத்தைக் கடைசியில. சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை விடாதீங்க."

"எடை?"

"தினம் எடை மெஷின்ல ஏறாதீங்க. ஒரு நாள் கூடக் காட்டும், மனசு விட்டுப்போயிடும். உங்க துணியே சொல்லும், பாருங்க. பேன்ட் தளர ஆரம்பிச்சா சரியான வழியில போறோம்னு வெச்சுக்குங்க."

இந்தக் கடைசி யோசனைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. மெஷினும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். நாற்பது டன் தூக்குகிறவருக்கு ஒரு சின்ன ஊசியைக் கண்டால் வியர்த்து விடும். அவருக்குக் கொடுத்த மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று தரைக்கு இறக்குகிற ரகம் இல்லை என்பதால் தினமும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆக, பேன்ட்தான் சாட்சி. இதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. தளர்ந்ததும் ஒரு நாள் கொக்கி கழன்று விழுகிற மாதிரி மனைவி முன்னால் போய் நின்று அசத்த வேண்டும் என்று திட்டம்.

முதல் மாதம் கோணல்மாணலாகப் போயிற்று. வீரமாக மதியச் சாப்பாட்டையே விட்டார். சாயங்காலம் கைகால் வெலவெலத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நின்ற இடத்தில் முடித்தார். டீயை விட்ட தைரியத்தில், பழச்சாறு உடம்புக்கு நல்லதுதானே என்று பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். ஆலோசகரிடம் போனில் இதைப் பெருமையாகச் சொன்னார்.

"அண்ணா... அது டீயை விட மோசம். பழத்தைக் கடிச்சுச் சாப்பிடுங்க. பிழிஞ்சு குடிக்காதீங்க."

அதற்குப் பிறகு மனைவி களத்தில் இறங்கினாள். அவள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தத் தெருவில் அவளிடம் அளவு கொடுக்காத உடம்பு குறைவு. தையல் சாக்பீஸை எடுத்து, அவருடைய தட்டின் விளிம்பில் மூன்று இடத்தில் கோடு போட்டாள்.

"இது காய். இது பருப்பு. இது சோறு. கோட்டைத் தாண்டினா கத்தரிக்கோல்தான்."

"மனுஷனுக்குச் சோறு போடறியா, சட்டை வெட்டறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். அளவு தப்பினா ரெண்டும் கெட்டுப்போகும்."

தன் தட்டிலும் அதே கோடுகளைப் போட்டுக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்து, இருவரும் தெருவில் நடக்கப் போவார்கள். பேக்கரி இருக்கிற பக்கம் அவள் நடப்பாள்; அவரை எதிர்ப்பக்கச் சுவரோரமாக நடத்துவாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கை கோத்து நடந்ததில்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் கூட்டி விடுவாளோ என்று பயந்து அவர் சொல்லவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் மச்சான் ஒரு நாள், "அத்தான், முகம் வாடின மாதிரி இருக்கே, மெலிஞ்சுட்டீங்களா?" என்றான். அவ்வளவுதான். கழுகண்ணன் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒரு பெட்டி நிறைய கேக் வாங்கி வந்தார். இரண்டு நாளில் பெட்டி காலி. வெறும் பெட்டியை மனைவி நசுக்கிய விதத்தில் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு மச்சான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாததால், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

பேன்ட்டும் அதையே சொன்னது. நீலச் சீருடையில் மூன்று பேன்ட். மூன்றும் அவள் தைத்தவை. பெல்ட் போட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் பெல்ட் கிடையாது. "பெல்ட் கட்டறது மூட்டைக்கு. நான் தைச்ச பேன்ட்டுக்கு எதுக்கு?" என்பது அவள் கட்சி. வீட்டில் போடுகிற எலாஸ்டிக் டிராயர் எந்த இடுப்புக்கும் பல்லை இளிக்கும். அதன் பேச்சை நம்ப முடியாது. ஒவ்வொரு வாரமும் கட்டைவிரலை விட்டுப் பார்ப்பார். அதே இடுக்கு. ஆலோசகர் போனில், "துணி தளருதா அண்ணா?" என்று கேட்டால், "ம்..." என்று இழுத்து, கப்பல் வந்துவிட்டது என்று போனை வைத்து விடுவார்.

நேற்று மனம் உடைந்தே போயிற்று. எப்படியும் நாளைக்குக் கூண்டுதான் என்று, வேலை முடிந்ததும் கேபினைத் துடைத்து, இருபது வருடமாக அங்கே இருந்த தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பிளாஸ்க், ஒரு துவாலை, மனைவி தைத்துக் கொடுத்த இருக்கைத் தலையணை. லிஃப்ட் இறங்கும்போது கடல் மெதுவாகக் கப்பல்களுக்குப் பின்னால் மறைந்தது. மச்சான் பையைப் பார்த்தான். வழக்கமாக வாய் ஓயாதவன், "அத்தான்..." என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான்.

போகிற வழியில் பேக்கரிக்குள் நுழைந்தார். இனி யாருக்காகக் கட்டுப்பாடு? க்ரீம் பன் ஒன்றை வாங்கி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் கடித்தார். முகம் கோணியது. இவ்வளவு சர்க்கரையா போடுவார்கள்! தொண்டைக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. பழைய சரக்கு போலிருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டார். ஆசையாகத் தோற்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று நொந்தபடி வீடு வந்தார்.

மனைவி பையிலிருந்து தலையணையை எடுத்தாள்.

"இதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"துவைக்கணும்."

"போன வாரம்தானே துவைச்சேன்?"

அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது, முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு, அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வாசல்வரை வந்தவள் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"என்ன வந்தாலும் நேரா வீட்டுக்கு வாங்க. நான் மெஷின்லதான் இருப்பேன்."

ஆஸ்பத்திரியில் முதலில் எடை. நர்ஸம்மா கையைக் காட்ட, செருப்பைக் கழற்றிவிட்டு, தூக்குமேடை ஏறுகிறவர் மாதிரி ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்பத்தி நாலு" என்றாள் நர்ஸம்மா.

அவர் கண்ணைத் திறந்தார். "மெஷின் கெட்டுப்போச்சும்மா."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பதினோரு கிலோ கம்மியாக் காட்டுது. இன்னொரு தடவை ஏறறேன்."

இறங்கி ஏறினார். எண்பத்தி நாலு. மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்து ஏறினார். எண்பத்தி நாலு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸம்மா பொறுமை இழந்து அவரை இறக்கிவிட்டுத் தானே ஏறினாள். முள்ளைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"என் எடையை ஊருக்குச் சொல்ல முடியாது. ஆனா மெஷின் சரியாத்தான் இருக்கு. எல்லாரும் கூடக் காட்டுதுன்னுதான் சண்டைக்கு வருவாங்க. குறையக் காட்டுதுன்னு சண்டை போடற முதல் ஆள் நீங்கதான்."

"புரிஞ்சுக்கம்மா! இது நாலு வருஷத்துப் பேன்ட். அன்னிக்கும் இதே பேன்ட், இன்னிக்கும் இதே பேன்ட். அப்படியே கச்சிதமா நிக்குது. பதினோரு கிலோ போயிருந்தா இது இடுப்புல நிக்குமா? கழன்று கால்ல விழாது?"

சத்தம் கேட்டு ஆலோசகர் பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். "அண்ணா! அடையாளமே தெரியலையே!" என்றாள். அவர் பேன்ட் வழக்கைத் திரும்ப முதலிலிருந்து சொன்னார். அவள் யோசனையோடு கேட்டாள்.

"இந்தப் பேன்ட் யார் தைச்சது?"

"என் வீட்டுக்காரி. தையல்கடை வெச்சிருக்கா."

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

திரும்பினார். நர்ஸம்மாவின் சிரிப்பு வெடித்தது. ஆலோசகர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன? கிழிஞ்சிருக்கா?"

"இல்லண்ணா... பேன்ட்டோட பின்பக்கம் ரெண்டு பாக்கெட்டுக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளியாவது இருக்கணும் இல்லையா? உங்களோடது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முத்தம் குடுத்துட்டு இருக்கு. பின் தையலைப் பிடிச்சுப் பிடிச்சு யாரோ உள்ள தள்ளியிருக்காங்க."

கழுகண்ணன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். இரண்டு பாக்கெட்டும் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றன. முதுகுத்தண்டின் நேர் கீழே துணி தடிமனாக, மடிப்பின் மேல் மடிப்பாக இருந்தது.

சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. சில வாரங்களாகவே கேபினில் குனிந்தால், கண்ணாடித் தரையில் தன் பூட்ஸின் நுனி தெரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் வயிறுதான் தெரியும். கண்டெய்னரைப் பார்க்கிறவன் பூட்ஸையா பார்ப்பான்? பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

டாக்டர் அறைக்குள் போனார். இந்தத் தடவை டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஆறு புள்ளி எட்டு" என்றார். "நான் ஏழரைதான் கேட்டேன். நீங்க கூடவே குடுத்திருக்கீங்க. மாத்திரையையும் சாப்பாட்டையும் இப்படியே விடாமத் தொடரணும், மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணும். கேபின் உங்களோடதுதான்." கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தில் ஓடுகிற அந்தச் சின்னச் சத்தத்தைக் கழுகண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை நாள் நெஞ்சு மேல் கிடந்த இரும்புப் பெட்டியை யாரோ சத்தமில்லாமல் தூக்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது. தெரியாமலேயே அதற்கடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக வீட்டுக்கு நடந்தார். பேக்கரி வந்தபோது காலே தானாகச் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டது.

மெஷின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அவரைக் கண்டதும் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை; கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

அவர் பதில் சொல்லாமல், திரும்பி முதுகைக் காட்டி நின்றார்.

"இது என்ன?"

"அய்யோ" என்றாள் அவள். "பாக்கெட் அவ்வளவு அசிங்கமாவா தெரியுது? அடுத்த தடவை பக்கத் தையல்லயும் கொஞ்சம் பிடிச்சிருக்கணும்."

"அடிப்பாவி! இதையா கேட்டேன்? எப்பத்திலிருந்து நடக்குது இது?"

"நீங்க வேலைக்குப் போறப்ப பின்னாலிருந்து பார்த்தேன். தொளதொளன்னு இருந்துச்சு. நம்ம வீட்டு ஆளு அப்படிப் போனா, தைச்சவ கையைத்தானே நாலு பேர் பேசுவாங்க? அயர்ன் பண்ணும்போது தையலைப் பிடிச்சேன். மறு மாசம் மறுபடி தொளதொளன்னு... அதை விடுங்க. முதல்ல டாக்டர் என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"ஆறு புள்ளி எட்டு. கையெழுத்துப் போட்டுட்டார்."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது யாருடைய ரவிக்கைத் துணியோ. ஒரு மூலை நனைந்தே போயிற்று. அவர் பக்கத்தில் போய்த் தலையில் கை வைத்தார்.

பிறகு அவர் உள்ளே போய் எலாஸ்டிக் டிராயருக்கு மாறி, பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டு வந்து மெஷின் பலகையில் விரித்தார். பின் தையலின் இரு பக்கமும் ஊசித் துளைகளின் வரிசைகள். கறுப்பு நூல், நீல நூல், ஓரிடத்தில் பழுப்பு நூல். அந்தந்த நேரம் மெஷினில் என்ன இருந்ததோ அது. சில கோடுகள் வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தன. அவை பழையவை. புதிய கோடுகள் எல்லாம் உள்ளே வந்திருந்தன.

வெளியே போன கோடுகளை விரலால் தொட்டார். "இது?"

அவள் தரையைப் பார்த்தாள். "அது நீங்க... கொஞ்சம் கொஞ்சமா..."

"குண்டானப்ப பிரிச்சு விட்டியா? நாலு வருஷமாவா? நான் என்னமோ இந்தப் பேன்ட்டைத் தைச்சப்ப இருந்த அதே சைஸ்ல இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேனேடி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"எதுக்குச் சொல்லணும்? பேன்ட்டுல தையலைப் பிரிச்சா கால் மணி நேர வேலை. உங்க முகம் வாடிப்போனா அதை எந்த நூலால தைக்கிறது?"

அவருக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

"சரி, மெலிஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமே? நான் கேபினையே காலி பண்ணிட்டு வந்தேன் தெரியுமா? துணி தளரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வாரா வாரம் விரலை விட்டு விட்டுப் பார்த்து நொந்துட்டேன்."

அவள் வாயில் கை வைத்தாள். "பேன்ட்டை வெச்சா பார்த்துட்டு இருந்தீங்க? அட கடவுளே! இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உன்னை அசத்தலாம்னு..."

"நல்லா அசத்தினீங்க! நானும் தம்பியும் சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தோம். போன தடவை அவன் ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஒரு பெட்டி கேக் வந்துச்சே! அத்தான் மெலிஞ்சுட்டாருன்னு இன்னொரு தடவை வாயைத் திறந்தே, உன் சட்டைக்கெல்லாம் கையே இல்லாமத் தைச்சுடுவேன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

நேற்று மச்சான் "அத்தான்..." என்று சொல்லி நிறுத்தியது ஞாபகம் வந்தது. பாவம், சொல்லாமல் வெடித்துச் சாகாமல் இருந்தானே! கழுகண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் அழுகையின் நடுவே சிரித்தாள். தெருவில் போனவர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒண்ணு பண்ணு" என்றார் அவர். "இந்தப் பேன்ட்டை மட்டும் பழையபடி பிரிச்சு விடு. நான் எங்கிருந்து வந்தேன்னு பார்க்கணும்."

அவள் தையல் பிரிப்பானை எடுத்து, உள்ளே பிடித்த தையலைக் கோடு கோடாகப் பிரித்தாள். வெளிப்பக்கத் தையல் மட்டும் மிஞ்சியதும் அவர் டிராயருக்கு மேலேயே போட்டுக்கொண்டார். கொக்கியை மாட்டி, கையை எடுத்தார். பேன்ட் ஒரு நொடி தயங்கி, சரசரவென்று கணுக்காலில் போய் விழுந்தது. ஐந்து மாதமாக அவர் கனவு கண்ட காட்சி, அவள் முன்னாலேயே.

அவள் கைதட்டினாள். உடனே குனிந்து பேன்ட்டை இழுத்து மேலே ஏற்றி, இடுப்பில் இரண்டு கைப்பிடித் துணியைச் சேர்த்துப் பிடித்து, பழக்க தோஷத்தில் வாயில் குண்டூசியைக் கவ்வினாள்.

"வேண்டாம், கையை எடு" என்றார். "நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் கேபினுக்குப் போவேன். மச்சான் பார்க்கட்டும்."

"நடு வழியில கழன்று விழுந்தா?"

"அதுக்குத்தான் போற வழியில ஒரு பெல்ட் வாங்கப் போறேன்."

அவள் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் புருவம் ஏறிவிட்டது.

"பெல்ட்டா? என் புருஷன் இடுப்புலயா? நான் உயிரோட இருக்கறப்பவா?" என்றவள், மூலையிலிருந்த தலையணையை எடுத்துத் தட்டி, பையில் வைத்து, பையை வாசல் கதவருகே மாட்டினாள். "திரும்பி நில்லுங்க. பாக்கெட்டையும் பிரிச்சுத் தள்ளி வெச்சு, இந்தத் தடவை ஒழுங்கா தைச்சுத் தரேன். எத்தனை கிலோ குறைஞ்சீங்கன்னு உள்பக்கம் சாக்பீஸால எழுதியும் விடறேன். போதுமா?"

கழுகண்ணன் திரும்பி நின்றார்.